ஆரம்பகால இணையத்தின் ஊடாட்டக் கலை: எதை வைத்து மதிப்பிடுவது?

பார்வையாளரும் ஏதாவது செய்தால்தான் நிகழும் கலையை ஊடாட்டக் கலை என்கிறோம். 1990களில் இணையத்துக்காகவே செய்யப்பட்ட அத்தகைய படைப்புகளில் எது வெற்றி பெற்றது, எது தோற்றது என்று எதை வைத்துச் சொல்வது என்பது கேள்வி. கேட்டவர் நுண்கலை மாணவர். பத்துப் பன்னிரண்டு படைப்புகளைத் தேடித் திறந்து பார்த்திருக்கிறார். பாதி திறக்கவே இல்லை, மீதி வெறும் பழைய பக்கங்களாகத் தெரிந்தன என்கிறார். வந்துபோனவர்களின் எண்ணிக்கை, தொழில்நுட்பப் புதுமை, அருங்காட்சியகங்களும் பரிசுக் குழுக்களும் கொடுத்த அங்கீகாரம் ஆகிய மூன்றில் எதை நம்புவது என்றும் கேட்டிருக்கிறார். மூன்றுமே போதாது என்பது என் கருத்து. நான் எதைப் பார்க்கிறேன் என்பதைச் சில படைப்புகளை அருகில் வைத்துச் சொல்கிறேன்.

ஒரு படைப்பை எடுத்துக்கொண்டு, அதில் பார்வையாளர் செய்யும் செயலை மனத்தளவில் நீக்கிப் பார்ப்பது என் வழக்கம். அவர் சொடுக்காமலே எல்லாம் தானாக ஓடும் ஒரு படமாக அதை நினைத்துக்கொள்வேன். அப்படி நினைத்த பிறகும் படைப்பு முழுமையாக நிற்கிறது என்றால், ஊடாட்டம் அதற்கு மேலே பூசிய பூச்சுதான். செயலை எடுத்ததும் பொருளே சரிந்துவிடுகிறது என்றால், கலைஞர் அந்தச் செயலையே மண்ணாகக் குழைத்து வனைந்திருக்கிறார் என்று பொருள். கணினியும் கேமராவும் கொண்டு ஊடாடும் அறைகளை அமைத்த அமெரிக்கரான மைரன் க்ரூகர், மறுவினைதான் இந்தக் கலையின் ஊடகம் என்று 1970களிலேயே சொன்னார். ஆஸ்திரியாவின் லின்ட்ஸ் நகரில் வழங்கப்படும் பிரிக்ஸ் ஆர்ஸ் எலக்ட்ரானிக்கா பரிசில் 1990இல் ஊடாட்டக் கலைக்கெனத் தனிப் பிரிவு தொடங்கியபோது முதல் பரிசு அவருடைய 'வீடியோபிளேஸ்' படைப்புக்கே போயிற்று. இணையம் வந்தபோது இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. ஏனெனில் இணையத்தில் எதையும் சொடுக்கித்தான் பார்க்க வேண்டும். ரயில் நேரம் பார்க்க வந்தவரும் சொடுக்குகிறார், கடைப் பட்டியலைப் புரட்டுகிறவரும் சொடுக்குகிறார். ஆகவே, சொடுக்க முடிகிறது என்பதை ஒரு தகுதியாகவே எடுத்துக்கொள்ள முடியாது.

இந்த அளவுகோலுக்கு முதல் உதாரணமாக நான் எப்போதும் எடுப்பது, மாஸ்கோவில் திரைப்பட விமர்சகராகவும் பரிசோதனைத் திரைப்படங்களைத் தொகுத்துத் திரையிடுபவராகவும் இருந்த ஒலியா லியாலினா 1996இல் செய்த 'மை பாய்ஃபிரெண்ட் கேம் பேக் ஃபிரம் த வார்'. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, சில கறுப்பு வெள்ளைப் படங்கள், அவ்வளவுதான் அதன் சாமான். என் காதலன் போரிலிருந்து திரும்பி வந்தான், சாப்பிட்ட பிறகு எங்களைத் தனியாக விட்டுவிட்டுப் போனார்கள் என்று தொடங்குகிறது. அடுத்து ஒரு சன்னலும், முகம் பார்க்காமல் உட்கார்ந்திருக்கும் ஒரு ஜோடியும் வருகின்றன. எதையாவது சொடுக்கினால் திரை இரண்டாகப் பிரிகிறது. இன்னும் சொடுக்கினால் பிரிந்த சட்டகம் மீண்டும் பிரிகிறது. ஒவ்வொரு சிறு சட்டகத்திலும் பேச்சின் ஒரு துண்டு. ஒரு மூலையில் அவள் நம்பிக்கையின்மை பற்றிக் கேட்கிறாள், போன கோடையில் நடந்த ஒன்றைப் பற்றி ஒப்புக்கொள்கிறாள், இதை ஏன் நான் விளக்க வேண்டும் என்று சினக்கிறாள். இன்னொரு மூலையில் திருமணம் பற்றிய பேச்சு நடக்கிறது: என்னைக் கட்டிக்கொள்வாயா, நாளைக்கே, இல்லை, அடுத்த மாதம் நல்லது, விடுமுறைக்குப் பிறகு, வானிலையும் நன்றாக இருக்க வேண்டும். ஒவ்வொரு துண்டும் சொடுக்கச் சொடுக்க மாறிக்கொண்டே போய், முடிவில் வெறும் கறுப்புக் கட்டமாக நின்றுவிடுகிறது.

இதில் பார்வையாளர் செய்வது என்ன? கதையின் போக்கை அவர் மாற்றுவதில்லை. முடிவு எப்படியும் கறுப்புதான். ஆனால் எந்த மூலையை முதலில் தொடுவது, எந்தப் பேச்சைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குத் தாவுவது என்பது அவர் கையில் இருக்கிறது. ஒரே அறையில் உட்கார்ந்து, பேச வேண்டியதைப் பேச முடியாமல் வேறு வேறு பேச்சுகளைத் தொட்டுத் தொட்டு விடும் இரண்டு பேரின் நிலைமையும் அதுவே. சொடுக்குகிறவர் அந்தத் தடுமாற்றத்தை வெளியிலிருந்து பார்க்கவில்லை; தன் விரலாலேயே அதை நிகழ்த்துகிறார். பேச்சை முன்னே தள்ளுவதும் அவரே, அதை நிறுத்திக் கறுப்பாக்குவதும் அவரே. இதைத் தானாக ஓடும் ஒரு படமாக மாற்றிவிட்டால் ஒரு சிறு காதல் சோகம் மிஞ்சும். பேச்சைத் தானே முடித்துவிட்ட குற்றவுணர்வு மிஞ்சாது.

தொழில்நுட்பத்தையும் இங்கே நெருங்கிப் பார்க்க வேண்டும். திரையைச் சட்டகங்களாகப் பிரிக்கும் வசதி, அன்றைய உலாவியான நெட்ஸ்கேப் நேவிகேட்டரின் 2.0 பதிப்போடுதான் வந்தது. பெரும்பாலோர் அதை இடப்பக்கம் ஒரு பட்டியல், வலப்பக்கம் உள்ளடக்கம் என்று நிறுவனப் பக்கங்களைக் கட்டுவதற்குப் பயன்படுத்தினார்கள். லியாலினாவுக்கு அது திரைப்படத்தின் வெட்டும் ஒட்டும் ஆயிற்று. அந்த 2.0 பதிப்பில் ஒரு வழக்கம் இருந்தது: சட்டகங்கள் உள்ள பக்கத்தில் 'பின் செல்' பொத்தானை அழுத்தினால், கடைசியாகச் சொடுக்கிய துண்டுக்குத் திரும்பாமல் முழுப் பக்கத்தையும் விட்டு வெளியே கொண்டுபோய்விடும். அடுத்த பதிப்பில் அதைச் சரிசெய்தார்கள். ஆனால் முதலில் பார்த்தவர்களுக்குச் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க வழியில்லை. ஒன்று, தொடர்ந்து முன்னே போக வேண்டும். இல்லையென்றால் அந்த அறையை விட்டே எழுந்துபோக வேண்டும். தொலைபேசிக் கம்பி வழியாக இணையத்தோடு இணைத்த அந்தக் காலத்து 28.8 கிலோபிட் மோடம் நன்றாக இயங்கினாலும் நொடிக்கு 3.6 கிலோபைட்தான் கொண்டுவரும். ஒரு சிறிய படம் முழுதாகத் தெரியவே நான்கைந்து நொடி ஆகும். திருமணம் செய்துகொள்வாயா என்ற சொல்லைச் சொடுக்கிவிட்டுப் பதில் வரும்வரை அந்த நொடிகள் காத்திருக்க வேண்டியிருந்தது. நான் இதை முதலில் பார்த்தது 1990களின் இறுதியில், சென்னையில் மணிக்கணக்கில் கட்டணம் வாங்கிய ஒரு பிரவுசிங் சென்டரில். கட்டம் காலியாக நிற்கிற ஒவ்வொரு முறையும் இணைப்பு அறுந்துவிட்டதா, அவன் பேசாமல் இருக்கிறானா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தச் சந்தேகம் தற்செயலாக வந்ததாக இருக்கலாம், ஆனால் படைப்பு அதைத் தாங்கிக்கொண்டது, தன் பொருளோடு சேர்த்துக்கொண்டது. இணையத்தின் குறைகள் படைப்பின் பகைவர்களாக நிற்கின்றனவா, உறவினராக மாறிவிடுகின்றனவா என்பது என் இரண்டாவது அளவுகோல்.

மூன்றாவதை விளக்க 'டெலிகார்டன்' வேண்டும். கென் கோல்ட்பெர்க்கும் ஜோசஃப் சாந்தரோமானாவும் தங்கள் குழுவோடு 1995இல் தென்கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் இதை அமைத்தார்கள். வட்டமான ஒரு தொட்டியில் மண், அதன் நடுவில் தொழிற்சாலைகளில் பயன்படும் ஒரு ரோபோக் கை, கையின் நுனியில் கேமரா. உலகின் எந்த மூலையில் இருப்பவரும் உலாவியில் தெரியும் வரைபடத்தைச் சொடுக்கிக் கையை நகர்த்தலாம், செடிகளைப் பார்க்கலாம், தண்ணீர் ஊற்றலாம், விதை நடலாம். வந்தவுடன் விதை கிடைத்துவிடாது. பதிவு செய்துகொண்டு, பலமுறை வந்து தோட்ட வேலையில் பங்கெடுத்தவர்களுக்கே அந்த உரிமை. முதல் ஆண்டிலேயே 9,000க்கும் மேற்பட்டோர் உறுப்பினரானார்கள். 1996இல் தோட்டம் லின்ட்ஸ் நகரின் ஆர்ஸ் எலக்ட்ரானிக்கா மையத்துக்கு இடம்பெயர்ந்து 2004 வரை அங்கே இருந்தது.

இந்தத் தோட்டம் ஏன் வென்றது என்று கேட்டால், ரோபோவைக் காட்டுவார்கள். தொலைவிலிருந்து இணையம் வழியாக இயக்கப்படும் ரோபோ அன்று வியப்பான பொருள் என்பது உண்மை. ஆனால் அதே கோல்ட்பெர்க் ஓராண்டு முன்பு, மணலில் புதைத்துவைத்த பொருள்களைக் காற்றை ஊதித் தோண்டியெடுக்கும் ஒரு ரோபோவை இணையத்தில் விட்டிருந்தார். அதையும் ஆயிரக்கணக்கானோர் இயக்கினார்கள். அங்கே மண்ணைக் கிளறி ஒரு பொருளைப் பார்த்துவிட்டால் காரியம் முடிந்துவிடும். தோட்டத்தில் முடியாது. இன்று ஊற்றிய தண்ணீருக்குப் பதில் இன்று தெரியாது. ஐந்தாறு நாள் கழித்து ஒரு முளையாகத் தெரியும், இல்லையென்றால் ஒன்றுமே தெரியாது. அளவு மிஞ்சினால் செடி அழுகும். பக்கத்திலேயே இன்னொருவர் நட்டால் இரண்டுக்கும் இடம் போதாது. எனவே உறுப்பினர்கள் ஒருவரோடொருவர் பேச வேண்டியிருந்தது. அதற்கென அமைத்த உரையாடல் பகுதியில், நான் ஊரில் இருக்கப்போவதில்லை, என் செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள் என்று முகம் தெரியாதவர்களைக் கேட்டுக்கொண்டவர்கள் இருந்தார்கள்.

அந்த வேண்டுகோளை நான் மிகவும் மதிக்கிறேன். முகம் தெரியாத ஒருவரிடம் ஒரு செடியை ஒப்படைக்க வைத்த படைப்பு அது. அந்தக் காலத்தில் இணையத்தைப் பற்றி எழுதியவர்கள் வேகத்தைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தார்கள். கோல்ட்பெர்க்கின் குழு வேண்டுமென்றே செடியின் வேகத்துக்கு இணையத்தை இறக்கியது. சொடுக்கிய கை ஒரு பொறுப்பை ஏற்கிறது, அந்தப் பொறுப்பு நாளைக்கும் தொடர்கிறது. இதுதான் மூன்றாவது அளவுகோல்: பார்வையாளரின் செயலுக்கு விலை உண்டா, அது எதையாவது விட்டுச் செல்கிறதா? தவறு செய்ய இடமில்லாத இடத்தில் செய்வது எதுவானாலும் அது செயலாகாது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கும்போது, எல்லோரும் கொண்டாடும் ஒரு படைப்பின்மீது எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. கலைஞர் ரஃபேல் லொசானோ-ஹெமர் மெக்சிகோ நகரின் சோக்கலோ சதுக்கத்தில் புத்தாயிரம் ஆண்டுக் கொண்டாட்டத்துக்காகச் செய்த 'வெக்டோரியல் எலிவேஷன்' அது. 1999 டிசம்பர் இறுதியிலிருந்து 2000 ஜனவரி முதல் வாரம்வரை, சதுக்கத்தைச் சுற்றி நிறுத்திய 18 தேடு விளக்குகளை இணையத்தின் வழியாக யார் வேண்டுமானாலும் திசைதிருப்பி இரவு வானத்தில் கோலம் போடலாம். ஜாவா என்ற நிரல்மொழியில் எழுதிய முப்பரிமாண மாதிரியில் வடிவமைத்து அனுப்பினால், முறை வந்ததும் உண்மையான விளக்குகள் அப்படியே திரும்பும். கேமராக்கள் அதைப் படமெடுக்கும். அந்தப் படங்களோடு, அனுப்பியவரின் பெயரையும் அவர் எழுதிய வாசகத்தையும் தாங்கிய ஒரு பக்கம் தானாக உருவாகும். 89 நாடுகளிலிருந்து 8 லட்சம் பேர் கலந்துகொண்டார்கள் என்பது கலைஞர் தரப்புக் கணக்கு. 2000ஆம் ஆண்டின் ஊடாட்டக் கலைக்கான ஆர்ஸ் எலக்ட்ரானிக்கா முதல் பரிசும் அதற்குக் கிடைத்தது.

என் மனத்தாங்கல் இதுதான்: அந்த 18 கதிர்களை எப்படித் திருப்பினாலும் அழகாகத்தான் இருக்கும். அலங்கோலமாக ஒன்றைப் போட யாராலும் முடியாது. ஒருவருடைய கோலத்துக்கும் அடுத்தவருடைய கோலத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சதுக்கத்தில் நிற்பவர் சில நொடிகளில் மறந்துவிடுவார். அந்த வகையில் அங்கே செயலின் விலை குறைவு. ஆனாலும் இதைத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். அதற்குக் காரணம் விளக்குகளைவிட அந்த வாசகங்கள்தான். அவற்றைத் தணிக்கை செய்வதில்லை என்று லொசானோ-ஹெமர் முடிவெடுத்தார். அரசு நடத்தும் விழாவின் பக்கத்தில் காதல் கவிதைகளும் கால்பந்து அணியின் புகழும் மெக்சிகோவின் கிளர்ச்சி இயக்கமான ஜபாட்டிஸ்டாவின் முழக்கங்களும் திருமண விண்ணப்பங்களும் ஏறின. வானத்தில் போட்ட கோலம் மறைந்துபோகும், பெயரோடு சொன்ன சொல் நிற்கும். தன் நாட்டின் நடுச்சதுக்கத்தில் தனக்கும் ஒரு இரவின் சில நொடிகள் சொந்தம் என்று ஒருவரைச் சொல்லவைத்த இடத்தில்தான் அந்தப் படைப்பின் பலம் இருக்கிறது. ஊடாட்டக் கலையை மதிப்பிடும்போது எல்லோர் கண்ணிலும் படுகிற பகுதியை விட்டு, செயல் உண்மையில் எந்த இடத்தில் நிகழ்கிறது என்று தேட வேண்டும் என்பதற்காகவே இதை இவ்வளவு நீட்டிச் சொன்னேன்.

தொழில்நுட்பப் புதுமையை வைத்து மதிப்பிடலாமா என்ற கேள்விக்கு பிரிட்டிஷ் கலைஞர் ஹீத் பன்டிங் 1994இலேயே விடை சொல்லிவிட்டார். லண்டனின் கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த பொதுத் தொலைபேசிகளின் எண்களை இணையத்தில் வெளியிட்டு, ஆகஸ்ட் 5ஆம் தேதி இவற்றை அழையுங்கள் என்று எழுதினார். சற்று ஒலிக்கவிட்டு வைத்துவிடலாம், ஒரு தாளத்தில் மாற்றி மாற்றி அழைக்கலாம், எடுப்பவரோடு பேசலாம், நிலையத்துக்கே போய் நின்று பார்க்கலாம், எடுத்துப் பேசலாம், அல்லது வேறு எதையாவது செய்யலாம் என்று வழிகள் சொன்னார். பக்கத்தில் படமில்லை, நிரலில்லை, ஓர் எண் பட்டியலும் சில வரிகளும்தான். அன்று வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள் நடுவே தொலைபேசிகள் ஒலித்தன. எடுத்தவர்கள் எங்கிருந்தோ அழைத்த அந்நியரோடு பேசினார்கள். செயலை நீக்கினால் இங்கே மிஞ்சுவது ஒரு தொலைபேசிப் பட்டியல் மட்டுமே. என் முதல் அளவுகோலுக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

மறுவினை என்றால் கேட்டதைக் கொடுப்பது என்று பொருளல்ல. மறுப்பதும் ஒரு பதில்தான். ஜோன் ஹீம்ஸ்கெர்க், டர்க் பேஸ்மன்ஸ் என்ற கலைஞர்கள் இருவரும் 1995இலிருந்து 'ஜோடி' என்ற பெயரில் நடத்திய தளத்தைத் திறந்தால் கறுப்புத் திரையில் பச்சை நிறக் குறிகள் அர்த்தமில்லாமல் கொட்டிக் கிடக்கும். தளம் பழுதாகிவிட்டது என்று அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியவர்கள் பலர். ஆனால் அந்தப் பக்கத்தின் மூல நிரலைத் திறந்து பார்த்தவர்களுக்கு அங்கே எழுத்துக்குறிகளால் வரைந்த ஓர் அணுகுண்டின் படம் கிடைத்தது. உலாவி இடைவெளிகளையும் வரி முறிவுகளையும் சுருக்கிவிடும் என்பதால் அந்த வரைபடம் திரையில் குப்பையாகத் தெரிந்தது, அவ்வளவுதான். இங்கே பார்வையாளர் செய்ய வேண்டிய செயல் சொடுக்குவதன்று. திரைக்குப் பின்னால் போய்ப் பார்க்கலாம் என்று அவருக்கே தோன்ற வேண்டும். அந்த ஆசையை எழுப்பியதுதான் படைப்பு. ரஷ்யக் கலைஞர் அலெக்ஸி ஷுல்கின் 1997இல் செய்த 'ஃபார்ம் ஆர்ட்' இதற்குப் பக்கத்தில் நிற்கும்: பெயர், முகவரி நிரப்பும் படிவங்களின் பொத்தான்களையும் குறியிடும் கட்டங்களையும் வெறும் வடிவங்களாக அடுக்கியிருப்பார். நல்ல சிந்தனை, ஆனால் இரண்டாம் முறை திரும்பிப் போக அங்கே எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

எதைச் செய்யவும் இடம் தராத படைப்புகளை இந்த வரிசையில் சேர்த்து மதிப்பெண் குறைப்பதும் தவறு. சியோலைச் சேர்ந்த யங்-ஹே சாங் ஹெவி இண்டஸ்ட்ரீஸ் குழு, உலாவியில் அசைபடம் ஓட்டும் ஃப்ளாஷ் மென்பொருளில் செய்த படைப்புகளில் எழுத்துகள் இசையோடு வேகமாக ஓடும், நிறுத்தக்கூட வழி கிடையாது. அவை ஊடாட்டத்தைத் தெரிந்தே விலக்கியவை, எனவே அவற்றை அளக்க வேறு அளவுகோல் வேண்டும்.

இப்போது எண்ணிக்கைக்கு வருவோம். ஏராளமானோர் பங்கெடுத்தார்கள் என்பது எப்போது பொருளுள்ளதாகிறது என்பதை அமெரிக்கக் கலைஞர் டக்ளஸ் டேவிஸின் கூட்டு வாக்கியத்தை வைத்துப் பார்க்கலாம். 1994இல் நியூயார்க்கின் லேமன் கல்லூரிக் கலைக்கூடத்துக்காகத் தொடங்கிய 'உலகின் முதல் கூட்டு வாக்கியம்' என்ற அந்தப் படைப்பில் யார் வேண்டுமானாலும் தங்கள் வரியைச் சேர்க்கலாம். ஒரே ஒரு விதி: முற்றுப்புள்ளி வைக்கக் கூடாது. பிற்காலத்தில் அதில் சேர்ந்த பங்களிப்புகள் 2 லட்சத்தைத் தாண்டின. சொற்களின் தரத்தைப் பார்த்தால் பெரும்பகுதி வெறும் வணக்கமும் கிண்டலும் வசையும் பெயர்ப்பதிவும்தான். கோயில் சுவரில் பெயர் கிறுக்குவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால் பதில் அந்த விதியில் இருக்கிறது. முற்றுப்புள்ளி இல்லாததால் எனக்கு முன் எழுதியவரின் சொல் முடியாமலே என்னிடம் வருகிறது. என் சொல்லும் முடியாமலே அடுத்தவரிடம் போகிறது. வசை எழுதியவர்கூட ஒரு காதல் கடிதத்தின் தொடர்ச்சியாகிவிடுகிறார். கூட்டம் சேருவது எளிது. அந்தக் கூட்டத்தின் ஒவ்வொரு ஆளையும் பக்கத்து ஆளோடு கட்டிப்போடும் ஒரு சிறிய, தெளிவான விதி இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். அப்படி ஒரு விதி இல்லாமல், உங்கள் கருத்தை இங்கே எழுதுங்கள் என்று கட்டம் மட்டும் வைத்த எத்தனையோ படைப்புகள் அந்த ஆண்டுகளில் வந்தன. அவற்றில் சேர்ந்த ஆயிரம் கருத்துகளும் ஆயிரம் தனிக் கருத்துகளாகவே கிடந்தன.

அங்கீகாரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஆர்ஸ் எலக்ட்ரானிக்கா 1995இல் இணையத்துக்கெனத் தனிப் பரிசைத் தொடங்கியது, 1999இல் அந்தப் பரிசை லினக்ஸ் இயங்குதளத்துக்கு வழங்கியது. அந்த முடிவு கலை எது என்ற விவாதத்தைக் கிளப்பியது. பரிசு பெற்ற பட்டியலை வைத்து ஊடாட்டக் கலையின் வெற்றியை அளக்க முடியாது என்பதற்கும் அது சான்று. 1997இல் ஜெர்மனியின் கேசல் நகரில் நடந்த பத்தாவது டாக்குமெண்டா கண்காட்சி இணையப் படைப்புகளைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் அவற்றை அலுவலகம் போன்ற ஓர் அறையில், இணைய இணைப்பு இல்லாத கணினிகளில் வைத்ததாகக் கலைஞர்களே குறைப்பட்டார்கள். வெளியே எங்கும் போக முடியாத ஒரு தொடுப்பை (லிங்க்) இணையக் கலை என்று காட்டியது அது. கண்காட்சி முடிந்ததும் தளத்தை நீக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்ட ஸ்லோவேனியக் கலைஞர் வுக் சோசிச் முழுத் தளத்தையும் நகலெடுத்து வைத்துக்கொண்டார். நிறுவனம் கைவிட்டதைக் கலைஞர் காப்பாற்றியதாக நான் இதைப் பார்க்கிறேன்.

கடைசியாக, இந்தப் படைப்புகள் உங்களுக்கு வெறும் பழைய பக்கங்களாகத் தெரிந்ததற்கு வருகிறேன். அதற்குக் காரணம் உங்கள் ரசனைக் குறைவு இல்லை. நீங்கள் பார்த்தது பெரும்பாலும் அந்தப் படைப்பே அல்ல. நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் 2013இல் டேவிஸின் வாக்கியத்தைப் புதுப்பிக்க முயன்றபோது, பழைய தொடுப்புகள் பெரும்பாலும் செத்துக் கிடந்தன. கொரிய மொழியில் எழுதியவை எழுத்துக் குறியாக்கம் பொருந்தாமல் புரியாத குறிகளாகச் சிதைந்திருந்தன. யூனிகோடுக்கு முன் வழங்கிய திஸ்கி குறியாக்கத்தில் எழுதிய தமிழ்ப் பக்கங்களை இன்றைய உலாவியில் திறந்து பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி நன்றாகவே தெரியும். விட்னி இரண்டு வடிவங்களை வைப்பதென்று முடிவெடுத்தது: சிதைவோடு அப்படியே உறைந்து நிற்கும் பழையது ஒன்று, புதிய வரிகளைச் சேர்க்கக்கூடிய உயிருள்ளது ஒன்று. எனக்கு இது சரியான முடிவாகப் படுகிறது. எழுதிச் சேர்க்க முடியாத வாக்கியம் ஆவணம் ஆகிவிடும், உறைந்த வடிவம் இல்லாவிட்டால் எது 1994இல் எழுதியது என்றே தெரியாமல் போகும். ஃப்ளாஷ் செருகுநிரலுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31இல் முடிந்தபோதும் இதேபோல ஏராளமான படைப்புகள் ஒரே நாளில் வாய் மூடிக்கொண்டன; அவற்றில் ஒரு பகுதியை, ஃப்ளாஷைப் போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர் மென்பொருள்கள் மீட்டிருக்கின்றன. டெலிகார்டனை மீட்கவே முடியாது. படங்கள் இருக்கின்றன, எழுத்துகள் இருக்கின்றன, மண் இல்லை. அதை மதிப்பிட வேண்டுமானால் உறுப்பினர்கள் என்ன செய்தார்கள், ஒருவரையொருவர் என்ன கேட்டுக்கொண்டார்கள் என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

லியாலினாவின் படைப்பு இன்றும் திறக்கிறது. ஆனால் இன்றைய இணைய வேகத்தில் அந்த இருவரின் மௌனமும் ஒரு நொடிக்குள் தீர்ந்துபோகிறது. ஆகவே உங்கள் உலாவியின் உருவாக்குநர் கருவிகளில் (டெவலப்பர் டூல்ஸ்) இணைய வேகத்தைக் குறைக்கும் வசதியைத் திறந்து, நொடிக்கு மூன்றரை கிலோபைட் அளவுக்கு இறக்கிவையுங்கள். 'பின் செல்' பொத்தானைத் தொடுவதில்லை என்று உங்களுக்கே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு திருமணம் பற்றிய சட்டகத்துக்குப் போய் அந்தச் சொல்லைச் சொடுக்கிவிட்டு, பதில் வரும்வரை உங்கள் கண் எந்தக் கட்டத்துக்கு ஓடுகிறது என்று பாருங்கள்.